இரவல் பதில்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். படுக்கை விரிப்பை நாலாக மடித்து, எட்டாக மடித்து, விளிம்போடு விளிம்பு ஒட்டி நிற்க அடுக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அவ்வளவு பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. எதிர் முனையைப் பிடிக்க இன்னொருத்தி வேண்டும். அந்த இன்னொருத்தி உதறலக்கா.

உதறலக்கா என்றதும் பயந்த சுபாவம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கூடத்தில் யாருக்கும் பயப்படாத ஒரே ஆள் அவள்தான். வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணியை மிஷினுக்குள் திணிப்பதற்கு முன்னால், ஒவ்வொன்றாக மேஜைமேல் போட்டு உதறிப் பார்ப்பாள். நோயாளிகள் தலையணைக்கடியில் எதைத்தான் ஒளித்து வைக்க மாட்டார்கள்? மூக்குக்கண்ணாடி, காது மிஷின், மோதிரம், பாதி தின்ற பிஸ்கட் எல்லாம் அவள் உதறலில் விழுந்திருக்கின்றன. அப்படி வந்த பெயர் அது.

காலையில் அக்கா மிஷின் பக்கம் நிற்பாள், மடிப்பு துவைத்த துணியைத் தேய்த்துத் தரும் சூட்டு உருளைப் பக்கம் நிற்பாள். மத்தியானத்துக்கு மேல் இரண்டு பேரும் ஒரே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நிற்பார்கள். இழுத்து, தட்டி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, முனைகளைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஒரு நாளில் இத்தனை தடவை முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்கிற புருஷன் பெண்டாட்டி எந்த ஊரிலாவது உண்டா, தெரியவில்லை. ஒருத்தி இருமினால் அது தூசி இருமலா சளி இருமலா என்று மற்றவளுக்குத் தெரியும்.

அவ்வளவு பெரிய கூடத்தில் நாற்காலி ஒன்றே ஒன்றுதான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், சூப்பர்வைசருக்கு. மற்றவர்கள் வேலை நேரத்தில் உட்கார வேண்டுமானால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். அந்தச் சூப்பர்வைசர் வயதாகி ஓய்வு பெறப் போகிறார் என்றதும் கூடம் முழுக்க அதே பேச்சானது. இதுவரை மூத்தவர்களைப் பார்த்து அந்த இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். இந்த முறை மேல்மாடி அலுவலகத்துக்குப் புதுப் புத்தி வந்துவிட்டது. விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம், இண்டர்வியூ நடக்கும் என்று அறிவித்தார்கள். எந்தப் புண்ணியவான் இந்த இண்டர்வியூவைக் கண்டுபிடித்தானோ! ஆயுசு முழுக்க ஒருத்தி செய்த வேலையைப் பத்துப் படி இறங்கி வந்து பார்க்காமல், அவளை மேலே கூப்பிட்டு வாயால் சொல்லச் சொல்வார்கள்.

"நீ போடுக்கா," என்றாள் மடிப்பு.

"என்னை அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ள அடைக்கப் பாக்குறியா? ஆளை விடு," என்றாள் உதறலக்கா. "நீ போடு. நீ உள்ள போனா எனக்குத்தான் நல்லது. கேக்காமலே லீவு தருவே."

மடிப்புக்கு அந்த வார்த்தை இனித்தது. அவளுக்கு அந்த நாற்காலிமேல் ஆசைதான். உட்காருவதற்காக அல்ல. எதிர் முனையைப் பிடிக்கிறவளாகவே இருந்துவிட்டோம், ஒரு தடவையாவது யாராவது தன்னைப் பார்த்து "நீதான்" என்று சொல்ல மாட்டார்களா என்ற ஆசை. அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வீட்டில் மகள் இண்டர்வியூ விஷயத்தில் கரை கண்டவள். எத்தனையோ படி ஏறி இறங்கி, கடைசியில் ஒரு துணிக்கடை அலுவலகத்தில் உட்கார்ந்தவள். சாப்பாடு முடிந்ததும் அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்து, தான் கட்டில்மேல் சம்மணம் போட்டு அதிகாரி ஆனாள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"உனக்குத் தெரியாததா? என்னத்தடி சொல்றது?"

"நான் இப்ப உன் பொண்ணு இல்லம்மா. ஆபீசர்."

"ஆபீசர் ஏன் நைட்டியில இருக்காங்க?"

மகள் சிரிக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போனாள். "வேலையில ஒரு பிரச்சினை வந்தப்ப, யாரும் சொல்லாமலே நீங்களா முன்வந்து தீர்த்த ஒரு சம்பவம் சொல்லுங்க." இதைத்தான் கட்டாயம் கேட்பார்கள் என்றாள். இதில் கோட்டை விட்டதால்தான் தனக்கு இரண்டு இடம் கைநழுவியது என்றாள்.

மடிப்பு யோசித்தாள். துணி வந்தது, மடித்தோம், அடுக்கினோம். இதில் என்ன சம்பவம்? மகள் விடாமல் நச்சரிக்கவே, "உதறலக்கான்னா பல்செட்டு விஷயத்தைச் சொல்லுவா," என்றாள்.

அந்த விஷயம் இதுதான். ஒரு பெரியவர் தன் பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றித் தலையணை உறைக்குள் செருகி வைத்திருந்தார். வார்டில் உறையை மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு அக்கா வரக் கொஞ்சம் தாமதம். வேறு யாரோ உதறாமல் அள்ளிப் போட்டு மிஷினை ஓட விட்டுவிட்டார்கள். பெரியவர் பல் இல்லாமல் சாப்பிடவும் முடியாமல், வாய்விட்டுக் கேட்கவும் வெட்கப்பட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார் என்று வார்டிலிருந்து போன் வந்தபோது மிஷினில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா போய்ச் சுவிட்சை அமுக்கி ஓடுகிற மிஷினை நிறுத்தினாள். சூப்பர்வைசர் கத்தக் கத்த, ஆவி பறக்கிற துணியை வெறுங்கையால் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். கடைசி உறையின் மூலையில் பல்செட்டு சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் உதறாமல் ஒரு துணியும் உள்ளே போகக் கூடாது என்று கூடத்தையே ஆட்டிப் படைத்தாள்.

"நீ என்னம்மா செஞ்சே?"

"பக்கத்துல நின்னேன். ‘விடுக்கா, நமக்கெதுக்கு வம்பு'ன்னு கையைப் பிடிச்சு இழுத்தேன்."

மகளுக்குக் கண் மலர்ந்துவிட்டது. "இதை நீ செஞ்சதாச் சொல்லு. பக்கத்துல இருந்தவங்க தடுத்தும் கேக்கலைன்னு சேர்த்துக்கோ, இன்னும் எடுப்பா இருக்கும்."

"அது அக்கா செஞ்சதுடி."

"அவங்கதான் அப்ளிகேஷனே போடலையே. நீ சொல்றதால அவங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

மடிப்புக்கு முகம் சுண்டியது. ஆனால் குறைந்துபோக ஒன்றும் இல்லைதானே என்று அவளும் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து உருப்போட ஆரம்பித்தாள். குளிக்கும்போது சொன்னாள், பஸ்ஸில் உதட்டுக்குள் சொன்னாள், சூட்டு உருளைக்குள் விரிப்பை விடும்போதும் சொன்னாள். முதலில் "நான்" என்ற இடத்தில் நாக்கு தடுக்கியது. போகப் போக வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு கட்டத்தில் அந்தக் கொதிநீர் தன் கையைத்தான் சுட்டது என்று அவளுக்கே பட ஆரம்பித்தது. மகள் கைதட்டினாள்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு மத்தியானம், விரிப்பின் முனையைக் கொடுக்க நடந்து வந்த அக்கா சொன்னாள்: "நானும் போட்டுட்டேன்."

"எதைக்கா?"

"அப்ளிகேஷனை. கடைசி நாள் கொண்டுபோய்க் குடுத்தேன்." அக்கா முனையைக் கையில் வைத்தாள். "முட்டிதான். இனிமே நின்னுக்கிட்டே வேலை செஞ்சா கால் போயிடும்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாரு. உட்காந்து செய்ற வேலைன்னா இங்க அது ஒண்ணுதான் இருக்கு. உனக்குக் கோவமா?"

"எனக்கென்னக்கா கோவம்?" என்றாள் மடிப்பு.

"யாருக்குக் கிடைச்சாலும் நமக்குள்ளதானே. உன் பொண்ணு சொல்லிக்குடுத்ததை எனக்கும் கொஞ்சம் சொல்லேன். எனக்கு அங்க போய் எப்படி உட்காரணும்னுகூடத் தெரியாது."

டீ நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து மடிப்பு சொல்லிக்கொடுத்தாள். கதவைத் தட்டிவிட்டுப் போ, உட்காரச் சொன்ன பிறகு உட்கார், மடியில் கையை வை, தெரியாததைத் தெரியாது என்று சொல். அக்கா சின்னப் பிள்ளையாக எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏதாவது சம்பவம் கேப்பாங்களாமே. நான் அந்தப் பல்செட்டுக் கதையைச் சொல்லட்டுமா?" என்றாள்.

சொல்லுக்கா, அது உன்னுடையதுதானே என்று மடிப்பு சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"வேணாம்க்கா. ஓடுற மிஷினை நிறுத்தினது தப்புன்னு எடுத்துக்குவாங்க. அன்னிக்கே உன்னைத் திட்டினாங்கல்ல? அதை ஏன் நீயே போய்க் கிளப்பணும்?"

"அதுவும் சரிதான்," என்றாள் அக்கா. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீ சொன்னதும் நல்லதாப் போச்சு."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மடிப்பு தனக்குள் பேசிக்கொண்டே போனாள். நானும் அதைச் சொல்ல மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள், சரிக்குச் சரியாகப் போச்சு. சாயம் போகும் துணியைத் தனியாகப் பிரித்து வைத்தேனே, அதைச் சொல்லிக்கொள்ளலாம். கதையை மாற்றப் போவதைப் பற்றி மகளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் விட மாட்டாள் என்று தெரியும். அன்றிலிருந்து விரிப்பு மடிக்கும்போது அக்காவின் முகத்தைப் பார்க்காமல், முனையை மட்டும் பார்த்து வாங்கப் பழகினாள். அது அவ்வளவு சுலபமாக இல்லை.

இண்டர்வியூ அன்று மேல்மாடி நடையில் ஒரு பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அக்கா மடிப்பின் சீருடைக் காலரைச் சரி செய்து விட்டாள். முதலில் மடிப்பைத்தான் கூப்பிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். கண்ணாடி போட்ட ஓர் அம்மா, தாடிக்காரர் ஒருவர், தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்த ஒருவர். குளிர்சாதனம் ஓடியும் மடிப்புக்கு வியர்த்தது. தன்னைப் பற்றிச் சொன்னாள். துணி வகைகளைச் சொன்னாள். அப்புறம் கண்ணாடி அம்மா மகள் கேட்ட அதே கேள்வியை, ஏறக்குறைய அதே வார்த்தைகளில் கேட்டார்.

சாயத் துணி, சாயத் துணி என்று மனசு சொன்னது. வாயைத் திறந்தாள். "ஒரு நாள் வார்டுலேருந்து போன் வந்துச்சுங்க," என்று ஆரம்பித்தது. அவ்வளவு நாள் உருப்போட்டது சும்மா இருக்குமா? ஒரு சொல் இடறாமல், கொதிநீரும் ஆவியும் அழுகிற பெரியவருமாக வந்து கொட்டியது. நிறுத்தலாம் என்று நினைத்த இடத்தில் தாடிக்காரர் முன்னால் சாய்ந்து கேட்டார். பல்செட்டு கிடைத்த இடத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் மடிப்புக்குத் தலை கால் புரியவில்லை. இருந்த கொஞ்ச நஞ்சப் பயமும் அதில் போய்விட்டது.

"எல்லாரும் தடுத்தாங்கன்னீங்களே, அது யாரு?" என்றார் தாடிக்காரர்.

யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "பக்கத்துல வேலை செஞ்சவங்கதான் சார். பேர் வேணாமே, பாவம்," என்றாள் மடிப்பு. பெரிய மனசுக்காரி என்று மூன்று பேரும் பார்த்தார்கள்.

வெளியே வந்தபோது அக்கா கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு நொண்டி நொண்டி உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. மடிப்பு பெஞ்சில் உட்கார்ந்து, தான் செய்தது என்ன என்று அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அக்கா வெளியே வர நேரமாயிற்று. வந்தவள் பக்கத்தில் உட்காரவில்லை.

"சம்பவம் கேட்டாங்க. நீ சொன்ன மாதிரியே, அப்படி ஒண்ணும் இல்லைங்கன்னு சொன்னேன்," என்றாள். குரலில் கோபம் இல்லை. "அதுக்கு அந்தத் தாடி வெச்சவரு, ‘உங்ககூட வேலை செய்றவங்க ஒரு பல்செட்டு விஷயம் சொன்னாங்களே, அப்ப நீங்க இருந்தீங்களா'ன்னாரு."

மடிப்பு தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருந்தேன்னு சொன்னேன். ‘நீங்க என்ன செஞ்சீங்க'ன்னு கேட்டாரு." அக்கா குனிந்து முட்டியைத் தடவிக்கொண்டாள். "‘விடுடி, நமக்கெதுக்கு வம்புன்னு சொன்னேன் சார்'னுட்டேன். ஒருத்தி அப்படிச் சொன்னது நிஜந்தானே."

"அக்கா..."

"இல்லைன்னு சொன்னா உன்னை அங்கேயே பொய்க்காரின்னு எழுதியிருப்பாங்க. அதுக்கு எனக்கு வாய் வரலை." சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

அந்த நேரம் கதவு திறந்து தாடிக்காரர் வெளியே வந்தார். மடிப்பு எழுந்து நின்று, "சார், ஒரு நிமிஷம்," என்றாள்.

"முடிவைச் சொல்லி அனுப்புவோம்மா. நல்லாப் பேசினீங்க," என்றார் அவர். கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார், வேறு ஏதாவது உண்டா என்பதுபோல. உள்ளே மற்ற இரண்டு பேரும் தெரிந்தார்கள். ஒரு எட்டு வைத்தால் போதும்.

"சரிங்க சார்," என்றாள் மடிப்பு.

வேலை அவளுக்கே கிடைத்தது. கூடத்தில் எல்லோரும் வாழ்த்தினார்கள், அக்காவும் வாழ்த்தினாள். வீட்டில் மகள் அம்மாவைத் தூக்கிச் சுற்றாத குறை. "அந்தக் கதைதான்மா வேலை செஞ்சிருக்கு," என்றாள். மடிப்பு போய்ப் படுத்துக்கொண்டாள். அக்காவின் எதிரில் இப்போது வேறொருத்தி முனையைப் பிடித்தாள். புதியவள் ஒழுங்காக மடிக்கத் தெரியாதவள். அக்கா ஒரே விரிப்பை இரண்டு மூன்று தடவை பிரித்து மடிக்க வேண்டியிருந்தது, அத்தனை தடவையும் அந்த முட்டியோடு நடக்க வேண்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து மடிப்பு அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கொஞ்ச நாளில் தாடிக்காரர் கீழே இறங்கி வந்தார். அலுவலகத்துக்கு அந்தக் கதை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. உதறிப் பார்க்கிற முறையை எல்லோருக்கும் முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், போட்டோ எடுத்து மற்றக் கிளைகளுக்கும் அனுப்ப வேண்டும், சொல்லிக்கொடுக்க வேண்டியவர் புதுச் சூப்பர்வைசர் என்றார். வேலைக்காரர்களை வரிசையாக நிற்க வைத்தார். வரிசையில் உதறலக்காவும் நின்றாள், ஒரு காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு.

மடிப்பு மேஜையருகே போய் ஒரு தலையணை உறையைக் கையில் எடுத்தாள். எப்படிப் பிடிப்பது, எந்த மூலையை முதலில் தட்டுவது என்று தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் எப்போதும் சுத்தத் துணியின் பக்கம் நின்றவள். உறையைக் கீழே வைத்தாள்.

"சார், இது நான் செஞ்சது இல்லை. அக்கா செஞ்சது. வம்பு எதுக்குன்னு தடுத்தது நான்தான். உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

தாடிக்காரர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து வரிசையின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? அந்தம்மாவே இண்டர்வியூல ஒத்துக்கிட்ட விஷயம் இது. அவங்களுக்கு எல்லார் முன்னாலயும் தலைகுனிவு வரக் கூடாதுன்னு பழியைத் தன்மேல இழுத்துப் போட்டுக்கிறாங்க. இதுக்காகத்தான் இவங்களை எடுத்தோம்." அக்காவைப் பார்த்து, "அப்படித்தானேம்மா?" என்றார்.

மடிப்பு அக்காவின் முகத்தையே பார்த்தாள். இல்லை என்று சொல்லக்கா, இப்பவாவது சொல்லு என்று கண்ணால் கெஞ்சினாள்.

"அன்னிக்குச் சொன்னதுதான் சார்," என்றாள் அக்கா.

நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள். தாடிக்காரர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு அக்கா கண்ணாடித் தடுப்புக்குள் வந்தாள். மடிப்பு அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அக்கா உள்ளே கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"நான் இப்ப மாத்திச் சொன்னா ரெண்டு பேரும் பொய்க்காரிங்க. ரெண்டு பேருக்கும் வேலை போகும். அதை யோசிச்சியா?" என்றாள். "அன்னிக்கு அவரு கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரே, படியிலேருந்து நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்ப சொல்லியிருந்தா எனக்காக. இன்னிக்குச் சொன்னது உனக்காக. உன் மனசு ஆறணும்னு சொன்னே."

மடிப்பு அழுதாள். நாற்காலியிலிருந்து எழுந்து, அதை அக்காவின் பக்கம் தள்ளினாள். அக்கா அதைத் தொடவில்லை.

"முட்டி ரொம்ப வலிக்குது. அந்தத் துணி மூட்டைமேல கொஞ்ச நேரம் உட்காந்துக்கட்டுமா?" என்றாள். கூடத்தின் வழக்கப்படி சூப்பர்வைசரிடம் எல்லோரும் கேட்பதுபோல, கேலி இல்லாமல், நேராகக் கேட்டாள்.

மடிப்பின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் "உட்காருக்கா" என்று சொல்லி முடிக்கிற வரைக்கும் அக்கா நின்றுகொண்டே இருந்தாள்.